கடைசி இலக்கம் ஏன் ஒத்துப்போகவில்லை? வாசகர் கேள்வி பதில்

ஒரு மொழியில் நெடுநாள் ஓடிய கணக்கீட்டு நிரலை வேறு மொழிக்கு மாற்றும்போது வரும் சின்னச் சின்ன எண் வேறுபாடுகள் பற்றி வந்த கேள்விகள் இவை. நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஃபோர்ட்ரானில் இருந்த வெப்பப் பரவல் நிரலைப் பைத்தானுக்கு மாற்றினேன். சூத்திரங்களை வரிக்கு வரி சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் ஏழாவது இலக்கத்துக்கு மேல் விடைகள் ஒத்துவரவில்லை. ரவுண்டிங் பிழை (கடைசி இலக்கத்தை முழுமையாக்குவதில் வரும் பிழை) என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். டபுள் எண்ணுக்கு (64 பிட்டில் சேமிக்கும் தசம எண்) 53 பிட் துல்லியம் உண்டு. பதின்மத்தில் சொன்னால் ஏறக்குறைய 16 இலக்கம். இயல்பான ரவுண்டிங் வேறுபாடு 13, 14, 15-ஆவது இலக்கத்தில்தான் தலைகாட்ட வேண்டும். ஏழிலேயே பிரிகிறது என்றால் 24 பிட் துல்லியம் மட்டுமே கொண்ட சிங்கிள் எண் (32 பிட்டில் சேமிப்பது) எங்கோ நடுவில் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். சிங்கிள் தாங்குவது ஏறக்குறைய ஏழு இலக்கம்தான்.

முதலில் மாறிலிகளைப் பாருங்கள். ஃபோர்ட்ரானில் வெறுமனே 0.1 என்று எழுதினால் அது சிங்கிள். அதை டபுள் மாறியில் போட்டாலும் போன துல்லியம் திரும்பாது. மாறிக்குள் போய் உட்காருவது 0.10000000149011612. 0.1டி0 என்று எழுதியிருந்தால்தான் முழு டபுள். பைத்தானிலும் சி-யிலும் 0.1 என்றாலே டபுள். ஆக, நீங்கள் பெயர்த்த வரி சரி, அந்த வரியில் இருந்த எண்தான் வேறு.

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. பைத்தானில் அந்த மாறிலிகளை மட்டும் நம்பை என்ற எண் கணக்கு லைப்ரரியின் ஃப்ளோட்32 வழியாகச் சிங்கிளாக்கி, மறுபடி டபுளாக்கிப் பயன்படுத்துங்கள். இப்போது விடைகள் 13 இலக்கத்துக்கு மேல் ஒத்துப்போனால் குற்றவாளி பிடிபட்டது. அதன்பின் மாறிலிகளைப் பழையபடி டபுளாக வைத்துக்கொள்ளலாம். புதிய விடைதான் சரிக்கு நெருக்கமானது, பழையதுதான் பிழை சுமந்து வந்தது. இதை ஆவணத்தில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வருபவர் இதே வேட்டையை மறுபடி ஆடுவார். 0.5, 0.25, 2.0 போன்றவை இரும வடிவில் மிச்சமில்லாமல் அடங்குபவை. அவற்றைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம்.

இன்னும் இரண்டு இடங்களையும் பாருங்கள். பழைய மேக்ஃபைலில் (தொகுக்கும் கட்டளைகள் உள்ள கோப்பு), ஃபோர்ட்ரானின் இயல்பான தசம எண் வகையான ரியலை 8 பைட்டாக உயர்த்தும் கொடி, அதாவது நிரலைத் தொகுக்கும் கம்பைலருக்குத் தரும் விருப்பம், இருக்கலாம். இருந்தால் மேலே சொன்ன 0.1 கதையே மாறிவிடும், மூல நிரலை மட்டும் வாசித்து முடிவுக்கு வர முடியாது. அடுத்தது, உள்ளீட்டுக் கோப்பு. சி++ இயல்பாக 6 முக்கிய இலக்கம்தான் அச்சிடும். அப்படி எழுதிய உரைக்கோப்பை இன்னொரு நிரல் வாசித்தால் மிச்ச இலக்கங்கள் அங்கேயே தொலைந்துவிடும். டபுளை இழப்பின்றி உரையாக எழுத 17 முக்கிய இலக்கம் தேவை. சிங்கிளுக்கு 9 போதும்.

கேள்வி: சி-யிலிருந்து ரஸ்டுக்கு ஏறக்குறைய 4,000 வரி மாற்றினேன். கடைசி விடை ஒன்பதாவது இலக்கத்தில் பிரிகிறது. எங்கே ஆரம்பிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கடைசி விடையை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. முதன்முதலில் பிரியும் இடத்தைத் தேட வேண்டும்.

இரண்டு நிரல்களுக்கும் ஒரே உள்ளீட்டை, பிட் மாறாமல், இரும கோப்பாகக் கொடுங்கள். ரேண்டம் எண்கள் இருந்தால் ஒரு பக்கத்தில் உருவாக்கிக் கோப்பில் எழுதி, இரண்டு பக்கமும் அதையே வாசிக்கச் செய்யுங்கள். ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே இழையாக, ஓட்டுங்கள். கம்பைலரின் வேக மேம்பாடுகளை முதல் ஓட்டத்தில் அணைத்துவிடுங்கள். நிரலை ஆறேழு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் முக்கிய அணிகளை 8 பைட் எண்களாகக் கோப்பில் கொட்டுங்கள். எந்தக் கட்டத்தில் பிட் மாறுகிறதோ அதற்குள் போய் மறுபடி பாதி பாதியாக வெட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரே வரிக்கு வந்து நிற்பீர்கள்.

வேறுபாட்டைப் பதின்ம இலக்கத்தில் அளக்காமல் யூஎல்பி கணக்கில் அளப்பது நல்லது. அடுத்தடுத்த இரண்டு டபுள் எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் ஒரு யூஎல்பி. 1-க்கு அருகில் அது 2.2×10⁻¹⁶. பத்து லட்சத்துக்கு அருகில் 1.16×10⁻¹⁰. இரண்டு எண்ணும் ஒரே குறி உடையவை என்றால், அவற்றின் 64 பிட்டையும் முழு எண்ணாக வாசித்துக் கழித்தால் எத்தனை யூஎல்பி வித்தியாசம் என்று வந்துவிடும். சி-யில் மெம்காப்பி, ரஸ்டில் டு_பிட்ஸ், ஜாவாவில் டபுள்டுலாங்பிட்ஸ், நம்பையில் வியூ இதைச் செய்யும்.

முதல் பிரிவு 1 அல்லது 2 யூஎல்பி என்றால் அது எண்கணித வேறுபாடு. நூற்றுக்கணக்கில் இருந்தால் நிரலிலேயே தவறு இருக்கலாம் என்று வைத்துத் தேடுங்கள். சூத்திரமோ மாறிலியோ அட்டவணைக் குறியீடோ பிசகியிருக்கும்.

உங்கள் விஷயத்தில் 16 இலக்கத்தில் 7 இலக்கம் போயிருக்கிறது. அதாவது ஒரு யூஎல்பி சுமார் ஒரு கோடி மடங்கு பெருகியிருக்கிறது. அப்படிப் பெருக்கும் வழக்கமான ஆள், ஏறக்குறையச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும் வரி. ஒரு உதாரணம்: சராசரி 10 லட்சம், திட்ட விலக்கம் 0.01 உள்ள தரவு. மாறுபாடு 0.0001 வர வேண்டும். 'வர்க்கங்களின் சராசரி, கழித்தல் சராசரியின் வர்க்கம்' என்று கணக்கிட்டால் கழிபடும் இரண்டு எண்களும் 10¹² அளவு. அந்த உயரத்தில் ஒரு யூஎல்பியே 0.00012. தேடும் விடையைவிட அளவுகோலின் கோடு பெரியது! விடை பூஜ்யமாக வரலாம், எதிர்மறையாகக்கூட வரலாம். சி-யில் ஒரு தவறான எண், ரஸ்டில் இன்னொரு தவறான எண். இரண்டையும் ஒத்துப்போக வைப்பதில் அர்த்தமே இல்லை. முதலில் சராசரியைக் கண்டு, பிறகு விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டும் இரண்டு சுற்று முறைக்கு இரண்டு நிரல்களையும் மாற்றுங்கள். தரவு ஓடிக்கொண்டே வருகிறது என்றால் வெல்ஃபோர்டின் 1962 முறை. வேறுபாடு தானாகவே கரையும்.

கேள்வி: மொழி மாற்றவே இல்லை. அதே சி நிரல், அதே ஜிசிசி கம்பைலர். 64 பிட் இன்டெல்லில் ஒரு விடை, 64 பிட் ஆர்ம் கணினியில் வேறு விடை. ஓரிடத்தில் 'எண் அல்ல' என்றே வருகிறது. எப்படி?

பதில்: பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் செய்யும் எஃப்எம்ஏ-வைச் சந்தேகியுங்கள். அ×ஆ+இ என்பதை இரண்டு கட்டளையாகச் செய்தால் பெருக்கியதும் ஒரு ரவுண்டிங், கூட்டியதும் ஒரு ரவுண்டிங். எஃப்எம்ஏ-வில் கடைசியில் ஒரே ரவுண்டிங். துல்லியம் கூடுகிறது, ஆனால் விடை மாறுகிறது. 64 பிட் ஆர்மில் இந்தக் கட்டளை எல்லாச் சிப்பிலும் உண்டு. 64 பிட் இன்டெல்லில் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பில் இது இல்லை, சிப்பின் வகையைச் சொல்லித் தொகுத்தால்தான் கம்பைலர் பயன்படுத்தும். ஜிசிசி தன் இயல்பு நிலையில், வேக மேம்பாட்டோடு தொகுக்கும்போது, கட்டளை இருக்கும் இடத்தில் தானாகவே இணைத்துவிடும்.

'எண் அல்ல' வருவதைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அ, ஆ இரண்டும் 0.1. அ×அ − ஆ×ஆ-வின் வர்க்கமூலம் வேண்டும். சாதாரணமாகக் கணக்கிட்டால் இரண்டு பெருக்கலும் ஒரே மாதிரி ரவுண்ட் ஆகி 0.010000000000000002 வரும். கழித்தால் பூஜ்யம், மூலமும் பூஜ்யம். எஃப்எம்ஏ-வில் ஒரு பெருக்கல் மட்டும் முன்கூட்டியே ரவுண்ட் ஆகும், மற்றது முழுத் துல்லியத்தோடு கழித்தலுக்குள் நுழையும். ரவுண்ட் ஆனது ஆ×ஆ என்றால் மிச்சம் −8.3×10⁻¹⁹. எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் 'எண் அல்ல' என்றுதான் வரும்.

சோதிக்க, எஃப்பி-கான்ட்ராக்ட் கொடியை ஆஃப் என்று வைத்து இரண்டு கணினியிலும் மறுபடி தொகுங்கள். வேறுபாடு மறைந்தால் காரணம் இதுதான். நிரந்தரத் தீர்வாக அந்த வரியை (அ−ஆ)×(அ+ஆ) என்று எழுதுங்கள். அ, ஆ சமமானால் இது எந்தக் கணினியிலும் பூஜ்யம்தான்.

மொழி மாற்றுபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாவாவும் ரஸ்டும் நீங்கள் கேட்காமல் இணைக்காது. கோ மொழியின் விதிகள் இணைக்க அனுமதிக்கின்றன. அங்கே பெருக்கலைச் சுற்றி ஃப்ளோட்64 என்று வெளிப்படையாக மாற்றினால் இணைப்பு தடுக்கப்படும். கிளாங் என்ற சி கம்பைலர் 14-ஆம் பதிப்பிலிருந்து ஒரே கோவைக்குள் இருக்கும் பெருக்கலையும் கூட்டலையும் இயல்பாகவே இணைக்கிறது.

கேள்வி: பழைய 32 பிட் சி நிரலில் ஒரு பிரின்ட் வரி சேர்த்தால் விடையே மாறுகிறது. நினைவகப் பிழையா?

பதில்: நினைவகப் பிழையாக இருக்க வேண்டியதில்லை. இன்டெல் சிப்பின் தசமக் கணக்குப் பகுதியான எக்ஸ்87-இன் பதிவேடுகள் (சிப்புக்குள்ளேயே எண்ணை வைக்கும் தற்காலிக இடங்கள்) 80 பிட் அகலம், அதில் 64 பிட் துல்லியம். மதிப்பு பதிவேட்டில் இருக்கும்வரை கூடுதல் இலக்கத்தோடு இருக்கும், நினைவகத்துக்குப் போனதும் 53 பிட்டாகச் சுருங்கும். பிரின்ட் வரி மதிப்பை நினைவகத்துக்குத் தள்ளிவிடுகிறது. எக்ஸ்87-க்குப் பதில் எஸ்எஸ்இ2 கட்டளைகளைப் பயன்படுத்தச் சொல்லித் தொகுத்தால் நிற்கும். 64 பிட் தொகுப்பில் டபுளுக்கு அதுவே இயல்பு. ஜாவாவிலும் இந்தத் தளர்வு ஒரு காலத்தில் இருந்தது. 2021-இல் வந்த ஜாவா 17 முதல் எல்லாக் கணக்கும் கண்டிப்பான முறையில்தான் நடக்கிறது. ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் பழைய விடைகள் எந்தக் கணினியில் உருவானவை என்று பாருங்கள். அவை 80 பிட் விடைகளாக இருந்தால் எந்தப் புதிய மொழியிலும் பிட் மாறாமல் வராது.

கேள்வி: சைன், எக்ஸ்ப், பவ் மூன்றும் ஒரு மொழிக்கு இன்னொரு மொழி கடைசி இலக்கத்தில் மாறுகின்றன. தசம எண் கணக்குக்கான ஐஇஇஇ 754 தரம் எல்லோருக்கும் ஒன்றுதானே?

பதில்: தரம் ஒன்றுதான், ஆனால் அது எதைக் கட்டாயமாக்குகிறது என்று பார்க்க வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவை உண்மையான விடைக்கு மிக அருகில் உள்ள எண்ணைத் தந்தாக வேண்டும். 2008 திருத்தத்தில் எஃப்எம்ஏ-வும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சைன், எக்ஸ்ப், லாக், பவ் போன்றவற்றுக்கு அது பரிந்துரை மட்டுமே. ஒவ்வொரு லைப்ரரியும் தன் வழியில் கணக்கிடுகிறது. நல்ல லைப்ரரிகளில் பெரும்பாலும் 1 யூஎல்பிக்குள் பிழை இருக்கும். ஒரே லைப்ரரியின் வேறு பதிப்புகூட மாறலாம்.

பிட் மாறாமல் வேண்டும் என்றால், இரண்டு பக்கமும் ஒரே கணிதச் செயற்கூறுகளைக் கொண்டுசெல்வதுதான் வழி. ஜாவாவின் ஸ்ட்ரிக்ட்மேத், எஃப்டிலிப்எம் என்ற லைப்ரரியின் விடைகளையே தர வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. அதே லைப்ரரியின் சி மூலம் எல்லோருக்கும் கிடைக்கிறது.

பவ் பற்றி இன்னொரு விஷயம். ஒரு பக்கம் பவ்(அ, 3), இன்னொரு பக்கம் அ×அ×அ என்று எழுதினால் அவை ஒன்றல்ல, பின்னதில் இரண்டு ரவுண்டிங். அதேபோல 10-ஆல் வகுப்பதும் 0.1-ஆல் பெருக்குவதும் ஒன்றல்ல: 3-ஐ 10-ஆல் வகுத்தால் 0.3, 3-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 0.30000000000000004. பெயர்க்கும்போது சூத்திரத்தை அழகுபடுத்தும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் அதே வரிசை, அதே அடைப்புக்குறி. அழகுபடுத்துவதெல்லாம் விடைகள் ஒத்துப்போன பிறகு.

கேள்வி: பத்து லட்சம் எண்களைக் கூட்டுகிறேன். சி, பைத்தான், நம்பை மூன்றும் மூன்று விடை தருகின்றன.

பதில்: கூட்டும் வரிசை மாறினால் விடை மாறும். (0.1+0.2)+0.3 என்றால் 0.6000000000000001. 0.1+(0.2+0.3) என்றால் 0.6.

சி-யில் நீங்கள் எழுதிய லூப் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டுகிறது. நம்பை, நினைவகத்தில் தொடர்ச்சியாக உள்ள திசையில் கூட்டும்போது, பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துக் கூட்டி மேலே சேர்க்கிறது. லூப்பில் பிழையின் மேல் எல்லை எண்ணிக்கையோடு வளரும், அதாவது 10 லட்சம் மடங்கு. பாதி பாதியாகக் கூட்டினால் அடுக்குகளின் எண்ணிக்கையோடுதான் வளரும், அதாவது சுமார் 20 மடங்கு. பைத்தானின் சொந்த சம் 3.12 பதிப்பிலிருந்து ஃப்ளோட் எண்களுக்கு இழப்பை ஈடுகட்டும் நாய்மையர் முறையில் கூட்டுகிறது. பைத்தான் பதிப்பை ஏற்றினாலே விடை மாறுவது இதனால்தான்.

0.1-ஐப் பத்து லட்சம் தடவை கூட்டிப் பாருங்கள். சாதாரண லூப்பில் டபுள் தருவது 100000.00000133288. பைத்தான் 3.12-இன் சம் தருவது 100000.0. சிங்கிளில் அதே லூப் 100958.34 தரும். ஏறக்குறைய ஒரு விழுக்காடு பிழை! தரவைச் சிங்கிளில் வைத்திருந்தாலும் கூட்டும் மாறியை டபுளாக வைப்பது இதனால்தான்.

மூன்றையும் ஒத்துப்போக வைக்க, எல்லாப் பக்கமும் பைத்தானின் எஃப்சம் போல முழுத் துல்லியக் கூட்டல் முறையை வையுங்கள், அல்லது ஒவ்வொரு கூட்டலிலும் தொலைந்த மிச்சத்தைத் திருத்த உறுப்பாக எடுத்துச்செல்லும் கேஹனின் முறையைக் கையால் எழுதுங்கள். ஆனால் வேகத்துக்காகக் கணக்கை மாற்றியமைக்க அனுமதிக்கும் ஃபாஸ்ட்-மேத் கொடியோடு தொகுக்காதீர்கள். கேஹன் முறையின் திருத்த உறுப்பு, காகிதத்துக் கணிதப்படி பூஜ்யம். ஃபாஸ்ட்-மேத் அந்தக் கணிதத்தை நம்பி அதைத் துடைத்துவிடும். பல த்ரெட்களில் பிரித்துக் கூட்டும் நிரலில் ஓட்டத்துக்கு ஓட்டமே விடை மாறலாம். அங்கே துண்டுகளின் எல்லையையும் சேர்க்கும் வரிசையையும் நீங்களே நிலையாக வைக்க வேண்டும்.

கேள்வி: சோதனையில் எவ்வளவு வித்தியாசத்தை அனுமதிக்கலாம்? இரண்டு விடைத் தொகுப்புகள் நெருக்கமா என்று பார்க்கும் நம்பையின் ஆல்குளோஸ் எல்லாம் சரி என்கிறது.

பதில்: ஆல்குளோஸ் இயல்பாக ஒப்பு வேறுபாட்டுக்கு (எண்ணின் அளவோடு ஒப்பிட்ட விகிதம்) 10⁻⁵, தனி வேறுபாட்டுக்கு (எண்ணின் அளவைப் பார்க்காத நேரடி வித்தியாசம்) 10⁻⁸ அனுமதிக்கிறது. உங்கள் எண்கள் 10⁻⁹ அளவில் இருந்தால் 1×10⁻⁹-உம் 5×10⁻⁹-உம் சமம் என்று சொல்லிவிடும். ஐந்து மடங்கு பிசகிய விடை பச்சை விளக்கோடு வெளியேறும். இதைக் கண்டிப்பாக மாற்றுங்கள். பைத்தானின் மேத்.ஐஸ்குளோஸ் ஒப்பு வேறுபாட்டை 10⁻⁹ என்றும் தனி வேறுபாட்டைப் பூஜ்யம் என்றும் வைக்கிறது. பூஜ்யத்தோடு ஒப்பிடும்போது மட்டும் தனி வேறுபாட்டை நீங்களே, அந்த அளவின் இயல்பான பெருமானத்தைப் பார்த்து, கொடுக்க வேண்டும்.

எல்லையை ஊகத்தால் வைக்காதீர்கள். சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கிறீர்கள் என்றால் அணியின் கண்டிஷன் எண்ணைக் (உள்ளீட்டுப் பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்பது) கணக்கிடுங்கள். அது 10⁸ என்றால் 16 இலக்கத்தில் எட்டு போகலாம், 10⁻⁸-ஐ ஒட்டிய எல்லை நியாயம். அது 100 என்றால் 10⁻¹³-ஐ ஒட்டி வையுங்கள். சோதனை தோற்கிறது என்று எல்லையைத் தளர்த்துவது மட்டும் வேண்டாம். எதனால் தோற்றது என்று தெரிந்த பிறகு தளர்த்தினால் அது முடிவு. தெரியாமல் தளர்த்தினால் பிழையை மூடி வைப்பது.

கேள்வி: ரவுண்ட் செயற்கூறே மொழிக்கு மொழி மாறுகிறதே?

பதில்: ஆம், சரியாகப் பாதியில் நிற்கும் எண்களுக்கு மாறும். 2.5, −2.5 இரண்டையும் கொடுத்தால் சி-யும் மேட்லாபும் 3, −3 தரும். பைத்தான், நம்பை, சி# இயல்பு நிலையில் இரட்டைப்படை எண் பக்கம் போகும்: 2, −2. ஜாவாஸ்கிரிப்ட் மேல்பக்கம் போகும்: 3, −2. பெயர்க்கும்போது பெயரைப் பார்த்து மாற்றாமல் விதியைப் பார்த்து எழுதுங்கள். பைத்தானில் 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.67 வருவதற்குக் காரணம் வேறு. நினைவகத்தில் இருப்பது 2.67499999999999982, அது பாதிக்குக் கீழே.

கேள்வி: ஐகன் வெக்டர்கள் (அணியால் பெருக்கினாலும் அதே கோட்டில் இருப்பவை) குறி மாறி வருகின்றன. ஐகன் மதிப்புகள் (அவை நீளும் மடங்குகள்) 15 இலக்கம் ஒத்துப்போகின்றன.

பதில்: தவறில்லை. வெக்டரை −1-ஆல் பெருக்கினாலும் அது ஐகன் வெக்டர்தான். மிகப் பெரிய உறுப்பை நேர்மறையாக வைப்பது என்று ஒரு மரபை இரண்டு பக்கமும் வைத்து, பிறகு ஒப்பிடுங்கள். ஐகன் மதிப்புகள் ஒன்றோடொன்று சமமாகவோ மிக நெருக்கமாகவோ இருந்தால் வெக்டர்களைத் தனித்தனியாக ஒப்பிடவே முடியாது. அவை பரப்பும் வெளியை ஒப்பிட வேண்டும்.

கேள்வி: வளிமண்டல மாதிரி ஒன்றை மாற்றினேன். முதல் நூறு படிகள் 14 இலக்கம் ஒத்துப்போகின்றன. சில ஆயிரம் படிகளுக்குப் பிறகு இரண்டும் வேறு வேறு உலகம். எங்கே தவறு செய்தேன்?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறியை மட்டும் வைத்துப் பார்த்தால் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலை மாதிரியை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட, 0.506127 என்ற மதிப்புக்குப் பதில் தாளில் அச்சாகியிருந்த 0.506-ஐக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஓட்டங்களும் முற்றிலும் பிரிந்தன. அதே குணம் உங்கள் மாதிரிக்கும் உண்டு. 1 யூஎல்பி வித்தியாசம் 52 முறை இரட்டித்தால் எண்ணையே விழுங்கிவிடும்.

இங்கே நீண்ட ஓட்டத்தின் கடைசி நிலையை ஒப்பிடாதீர்கள். பழைய நிரலின் தொடக்க நிலையில் ஒரே ஒரு எண்ணை 1 யூஎல்பி தள்ளி, பழைய நிரலையே மறுபடி ஓட்டுங்கள். அது தன் முதல் ஓட்டத்திலிருந்து எவ்வளவு வேகமாக விலகுகிறது என்று படிக்குப் படி குறித்துக்கொள்ளுங்கள். புதிய நிரல் அதே வேகத்தில் விலகினால் பெயர்ப்பு சரி. அதைவிட வேகமாகவோ தொடக்கத்திலேயே பெரிய தாவலோடோ விலகினால் முன்பு சொன்னபடி முதல் பிரிவைத் தேடிப் போங்கள். மொத்த ஆற்றல், நிறை போன்ற மாறக்கூடாத அளவுகளையும், நீண்ட கால சராசரிகளையும் தனியாகச் சோதியுங்கள். அவை இரண்டு நிரலிலும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: 0-இல் தொடங்கி, 1-க்குக் கீழே உள்ளவரை 0.1 கூட்டிக்கொண்டு போகும் லூப். பத்துத் தடவைக்குப் பதில் பதினோரு தடவை ஓடுகிறது.

பதில்: பத்துத் தடவை 0.1 கூட்டினால் 0.9999999999999999. அது 1-க்குக் கீழே, ஆகவே லூப் இன்னொரு தடவை ஓடுகிறது. முழு எண்ணால் எண்ணுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பை அந்த எண்ணை 10-ஆல் வகுத்து எடுங்கள்.